கோயபல்ஸை விடுங்கள், குமாஸ்தாக்களைப் பாருங்கள்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

தேர்தல் வந்துவிட்டால் உங்கள் பக்கங்களில் தவறாமல் தலைகாட்டும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் உண்டு: ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ். இந்தக் கட்சி அந்தக் கட்சியைக் 'கோயபல்ஸ் பிரச்சாரம்' செய்வதாகச் சொல்லும். மறுநாள் அந்தக் கட்சி அதே சொல்லைத் திருப்பி வீசும். கூடவே, "ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றார் கோயபல்ஸ்" என்ற வரி தலையங்கத்திலும் விவாத மேடையிலும் பட்டிமன்றத்திலும் வந்து விழும். ஐரோப்பிய வரலாறும் இதழியலும் கற்பிக்கும் எங்களுக்கு இந்த வரியோடு நெடுநாள் வழக்கு. இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் முதலில் உட்கார்ந்தோம். எழுத எழுத வேறு சில விண்ணப்பங்களும் சேர்ந்துவிட்டன.

அந்த வரியை அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அவருடைய நாட்குறிப்பு பல தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. உரைகள், கட்டுரைகள் எல்லாம் தொகுக்கப்பட்டுவிட்டன. இந்த வாக்கியத்தை அவற்றில் இன்னும் யாரும் காட்டவில்லை. இதற்கு நெருக்கமாக இருப்பவை மூன்று. 'பெரிய பொய்யைத்தான் மக்கள் எளிதில் நம்புவார்கள்' என்ற கருத்து ஹிட்லர் எழுதிய 'மைன் காம்ஃப்' நூலின் முதல் பாகத்தில் வருகிறது. ஆனால் அது யூதர்கள் மீது அவர் சுமத்தும் பழி. 1941 ஜனவரியில் சர்ச்சிலைத் தாக்கி எழுதிய கட்டுரையில் கோயபல்ஸ், பொய் சொன்னால் பெரிதாகச் சொல்லி அதையே பிடித்துக்கொண்டு நிற்பது ஆங்கிலேயர் வழக்கம் என்று எழுதினார். மூன்றாவது, 1943-ல் அமெரிக்க உளவுத் துறைக்காக ஹிட்லரைப் பற்றித் தயாரான உளவியல் அறிக்கை. பெரிய பொய்யை அடிக்கடி சொன்னால் மக்கள் நம்பிவிடுவார்கள் என்பது ஹிட்லரின் நடைமுறை விதிகளில் ஒன்று என்று அதில் கணித்திருக்கிறார்கள். பிறர்மேல் வைத்த குற்றச்சாட்டுகள் எல்லாம் கலந்து, கடைசியில் கோயபல்ஸ் வாய்மொழியாகிவிட்டன. 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்று பழகிய நமக்கு இது சட்டென்று ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

மேற்கோள் யாருடையது என்பது சில்லறை விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் கவலை வேறு. இந்த வரி ஜெர்மனியில் நடந்ததையே மறைத்துவிடுகிறது. வாய்ச்சாலக்காரர் ஒருவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று பொய் சொன்னார், ஏமாளி மக்கள் நம்பினார்கள் என்று கதை முடிந்துவிடுகிறது. அங்கே வேலை செய்தது பதிவேடு, உரிமம், தினசரிக் கூட்டக் குறிப்பு, தபால்காரர் மாதாமாதம் வசூலித்த 2 மார்க் வானொலிக் கட்டணம், வட்டிக்கடன். உங்கள் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பகுதிதான்.

1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பிரதமரானார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, தபால் தொலைபேசி அந்தரங்கம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. கம்யூனிஸ்ட், சமூக ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகள் அதோடு போயின. மார்ச் 13-ல் 'மக்கள் அறிவூட்டல் மற்றும் பிரச்சார அமைச்சகம்' பிறந்தது. அமைச்சர் கோயபல்ஸுக்கு அப்போது வயது 35. செப்டம்பரில் கலாச்சாரப் பேரவை. அதற்குள் பத்திரிகை, வானொலி, திரைப்படம், நாடகம், இசை, இலக்கியம், நுண்கலை என்று ஏழு அவைகள். உறுப்பினராக இல்லாதவர் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. பாடுகிறவர், படம் வரைகிறவர் யாரானாலும் அட்டை வேண்டும்.

பத்திரிகையாளர்களுக்கு வந்தது 1933 அக்டோபர் 4 தேதியிட்ட ஆசிரியர் சட்டம். 1934 ஜனவரி 1 முதல் அமல். 'ஆசிரியர்' என்பதற்குச் சட்டம் தந்த பொருள் அகலமானது: எழுத்தாலோ செய்தியாலோ படத்தாலோ பத்திரிகையின் உள்ளடக்கத்தில் பங்கெடுக்கிற எவரும். அதாவது நிருபர், புகைப்படக்காரர் எல்லோரும். ஐந்தாம் பிரிவில் ஏழு தகுதிகள். ஜெர்மன் குடியுரிமை, பொதுப் பதவி வகிக்கும் உரிமையை இழக்காதவர், 'ஆரிய' வம்சம் மற்றும் 'ஆரியர்' அல்லாதவரை மணக்காதவர், 21 வயது நிரம்பியவர், சட்டப்படி ஒப்பந்தம் செய்யும் ஆற்றல், தொழில் பயிற்சி. ஏழாவது, மக்கள் மனத்தை வழிநடத்தும் பணிக்குத் தேவையான பண்புகள் உள்ளவர். முதல் ஆறும் தாளில் நிரூபிக்கக்கூடியவை. ஏழாவதைப் பதிவேட்டை வைத்திருப்பவர்தான் முடிவு செய்வார். பதிவு இல்லாமல் எழுதினால் சிறை அல்லது அபராதம்.

இதே சட்டத்தில் இனிப்பும் இருந்தது. முதலாளி நினைத்தபடி ஆசிரியரை வேலையிலிருந்து தூக்க முடியாது; ஆசிரியர் இனி முதலாளியின் ஆள் அல்ல, அரசுக்குப் பொறுப்பானவர் என்றது சட்டம். முதலாளியின் தயவில் காலம் தள்ளிய எத்தனையோ பேருக்கு இது பணிப் பாதுகாப்பாகத் தெரிந்தது. யூத சகாக்களின் மேசைகள் காலியான அதே வாரங்களில்தான் இந்தப் பாதுகாப்பும் வந்தது. உங்கள் செய்தியறைகளில் இதழியல் வரலாறு பற்றி ஒரே ஒரு வகுப்பு எடுப்பதாக இருந்தால், இந்தச் சட்டத்தை மேசையில் வைத்து எடுங்கள். முன் தணிக்கை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. தேவைப்படவில்லை.

தணிக்கைக்குப் பதிலாக இருந்தது நண்பகல் கூட்டம். பெர்லினில் நாள்தோறும் நடந்த பத்திரிகையாளர் கூட்டம் ஹிட்லருக்கு முந்தைய குடியரசுக் காலத்தில் நிருபர்கள் தாமே நடத்தியது. அரசு அதிகாரிகள் அவர்கள் அழைப்பின் பேரில் வந்தார்கள். 1933 ஜூலையிலிருந்து அது தலைகீழ் ஆயிற்று. அமைச்சகம் நடத்தியது, நிருபர்கள் அனுமதி பெற்று வந்தார்கள். எதை முதல் பக்கத்தில் போட வேண்டும், எதை உள்ளே தள்ள வேண்டும், எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். நிருபர் குறிப்பெடுத்துத் தன் பத்திரிகைக்கு அனுப்புவார். பெர்லினில் ஆள் வைக்க வசதியில்லாத மாவட்டப் பத்திரிகைக்கு வட்டாரப் பிரச்சார அலுவலகம் வழியாகப் போகும். படித்து முடித்ததும் குறிப்பை அழித்துவிட வேண்டும் என்பது விதி.

அழிக்காத சிலர் இருந்ததால்தான் இன்று நமக்கு இவையெல்லாம் தெரிகின்றன. 'ஃபிராங்ஃபுர்ட்டர் சைட்டுங்' நாளிதழின் பெர்லின் அலுவலகத்தில் இருந்த ஃபிரிட்ஸ் செங்கர், இன்னொரு நிருபரான கார்ல் பிராமர் போன்றோர் ஒளித்துவைத்த கட்டுகள் இப்போது ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வால்டர் ஷ்வெர்ட்ஃபெகர் என்ற நிருபர் குறிப்புகளை வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டார். 1936-ல் ஆயுள் தண்டனை.

அந்தக் கட்டுகளைப் புரட்டினால் கண்ணில் படுவது பெரும்பாலும் அற்பங்கள்தான். விருந்து மேசையில் வரிசையாகப் பாட்டில்கள் நிற்க, பின்னால் அமைச்சர்கள் உட்கார்ந்திருக்கும் படங்களை வெளியிட வேண்டாம். அரசாங்கத்தார் குடித்துக் கொண்டாடுகிறார்கள் என்று மக்கள் நினைத்துவிடுவார்கள். ஹாலிவுட் நடிகை கிரெட்டா கார்போவைப் பற்றி நல்லபடியாக எழுதலாம். எழுத்தாளர் தாமஸ் மான் பெயர் ஜெர்மானியர் நினைவிலிருந்தே அழிய வேண்டும், எனவே திட்டிக்கூட எழுத வேண்டாம். 1937 ஜூலையில் வந்த குறிப்பு எங்களுக்குப் பிடித்தமானது: 'பிரச்சாரம்' என்ற சொல்லைக் கண்டபடி பயன்படுத்தக் கூடாது. அது நம்முடைய நல்ல காரியத்துக்கு மட்டும் உரிய சொல். எதிரி செய்வதை 'வெறுப்பூட்டல்', 'கிளறிவிடுதல்' என்றே எழுத வேண்டும். நம்மூரில் 'கோயபல்ஸ்' என்ற சொல் எதிராளிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருப்பதை நினைத்துச் சிரித்துக்கொள்வோம்.

இந்த அற்பங்களை நாங்கள் வேண்டுமென்றே சொல்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய பொய்யை எழுதச் சொன்னால் மனச்சாட்சி உறுத்தும். பாட்டில் படத்தை எடுத்துவிடு என்றால் யாருக்கு உறுத்தும்? வருஷக்கணக்கில் இப்படிச் சின்னச் சின்னதாகத் தலையாட்டிப் பழகிய கழுத்துதான் பிறகு 1938 நவம்பரில் யூதக் கோயில்கள் எரிந்தபோது 'முதல் பக்கத்தில் படம் வேண்டாம்' என்ற குறிப்புக்கும் ஆடியது.

இதன் பக்கவிளைவு என்னவென்றால், பத்திரிகைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆயின. செய்தி நிறுவனங்கள் இரண்டை இணைத்து 1933 டிசம்பரில் அமைத்த ஒரே நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் டி.என்.பி.; 'எதையும் வெளியிடக் கூடாது' என்று நிருபர்கள் அந்த மூன்று எழுத்தை விரித்தார்கள். சலிப்பு கோயபல்ஸுக்கே தாங்கவில்லை. 1934 வசந்தத்தில், பத்திரிகைகள் இவ்வளவு சோகையாக இருப்பானேன், துணிந்து எழுதுங்களேன் என்று பேசினார். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற 'குரூணே போஸ்ட்' என்ற வார இதழின் ஆசிரியர் ஏம் வெல்க், ஏப்ரல் 29 இதழில் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். 'அமைச்சர் அவர்களே, ஒரு வார்த்தை' என்ற தோரணையில் பணிவாக, உள்ளுக்குள் கிண்டலாக. இதழுக்கு மூன்று மாதத் தடை. ஆசிரியருக்கு ஒரானியன்புர்க் வதைமுகாம். திறந்த மடல் எழுதுகிற நாங்கள் அவரைக் கடந்துபோக முடியவில்லை.

சொத்துரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் கதை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். நாஜிக் கட்சியின் பதிப்பகத்தை நடத்தியவர் மாக்ஸ் அமான். பத்திரிகை அவைக்கும் அவரே தலைவர். அதாவது போட்டியாளருக்கு உரிமம் தருபவரும் அவர், போட்டியாளரை வாங்குபவரும் அவர். 1935 ஏப்ரலில் 'ஆரோக்கியமற்ற போட்டியை ஒழித்தல்' போன்ற பெயர்களில் ஆணைகள் போட்டார். நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் மூடப்பட்டன அல்லது கைமாறின. உல்ஸ்டைன் என்ற மாபெரும் யூதக் குடும்ப நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே மதிப்பில் சிறு பங்கு விலைக்குப் பிடுங்கப்பட்டிருந்தது. 1933-ல் சுமார் 4,700 பத்திரிகைகள் இருந்த நாட்டில் 1944-ல் ஆயிரத்துக்கும் குறைவு. ஃபிராங்ஃபுர்ட்டர் சைட்டுங்கை 1943 ஆகஸ்ட் வரை விட்டுவைத்தார்கள், வெளிநாட்டாருக்குக் காட்ட.

இனி வானொலி. உங்கள் கட்டுரைகளில் மிக அதிகமாகத் தவறு வருவது இங்கேதான், எனவே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

'மக்கள் வானொலி' 1933 ஆகஸ்ட் 18-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரிப் பெயர் வி.இ. 301, எண் ஜனவரி 30-ஐக் குறிக்கிறது. விலை 76 மார்க், ஒரு தொழிலாளியின் இரண்டு மூன்று வாரக் கூலி. ஒரே வடிவமைப்பை எல்லாக் கம்பெனிகளும் தயாரிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தித்தான் விலை இறங்கியது. 1938-ல் வந்த சின்னப் பெட்டி 35 மார்க். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கோயபல்ஸ் மூஞ்சி'. 1933 தொடக்கத்தில் சுமார் 43 லட்சமாக இருந்த வானொலி உரிமங்கள் பத்தாண்டில் 1.6 கோடியைத் தாண்டின.

"அந்த ரேடியோவில் ஜெர்மன் நிலையங்களைத் தவிர வேறு எதுவும் எடுக்காது, அப்படித்தான் செய்திருந்தார்கள்" என்று நீங்கள் எழுதுகிறீர்கள். தவறு. பெட்டிக்குள் எந்தப் பூட்டும் இல்லை. மலிவுக்காக எல்லாவற்றையும் குறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மின்சாரத்தில் ஓடும் மாதிரியில் மூன்று வால்வுகள்: அலையைப் பிரிக்க ஒன்று, ஒலிபெருக்கியை ஓட்ட ஒன்று, மின்னோட்டத்தை நேராக்க ஒன்று. ட்யூனிங் சுற்று ஒன்றே ஒன்று. மத்திய அலையும் நீண்ட அலையும் உண்டு, சிற்றலை கிடையாது. பகலில் பக்கத்து நிலையம் மட்டும் கணீரென்று கேட்கும். இருட்டிய பிறகு மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகும். அப்போது ஒரு நல்ல ஏரியலும் பொறுமையும் இருந்தால் லண்டனும் வரும்.

அதற்கு ஒரு வித்தை வேண்டும். இந்த வகைச் செட்டில் வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே ஊட்டும் ஒரு குமிழ் இருக்கும். திருகத் திருக ஒலி கூடும். ஒரு மயிரிழை அதிகமானால் செட்டே ஊளையிடத் தொடங்கும். அத்தோடு நில்லாமல் தன் ஏரியல் வழியாக அந்த ஊளையைப் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கும் அனுப்பும். நம்மூரில் சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இங்கே ஏரியலுக்கு வாயே இருந்தது. தொலைதூர நிலையத்தைத் தேடி யாரோ திருகுகிறார்கள் என்பது மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தெரிந்துவிடும்.

செட் அடைக்காத வழியைச் சட்டம் அடைத்தது. போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 தேதியிட்ட ஆணைப்படி வெளிநாட்டு நிலையம் கேட்டால் கடுங்காவல், செட் பறிமுதல். கேட்டதைப் பரப்பினால் கடும் வழக்குகளில் மரணம். வழக்குத் தொடுப்பதா என்பதை ரகசியப் போலீசான கெஸ்டாபோவே முடிவு செய்யும். நடுவில் துளையிட்ட ஒரு சிறு அட்டையை அச்சடித்து, ரேடியோவின் ட்யூனிங் குமிழில் மாட்டித் தொங்கவிடச் செய்தார்கள். 'நினைவிருக்கட்டும்: வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது நம் மக்களின் பாதுகாப்புக்கு எதிரான குற்றம்' என்று தொடங்கும் வாசகம். அலைவரிசையை மாற்றக் கை நீட்டும் ஒவ்வொரு முறையும் விரல் அந்த அட்டையில் படும். அந்த ஆட்சியின் மொத்தப் பிரச்சாரத்தில் ஒரே ஒரு பொருளை அருங்காட்சியகத்தில் வைக்க இடம் கொடுத்தால் நாங்கள் கொடியையோ சுவரொட்டியையோ எடுக்க மாட்டோம். அந்த அட்டையைத்தான் எடுப்போம்.

அப்படியும் கேட்டார்கள். போர்முனையில் காணாமல் போன மகன் உயிரோடு சிறைபட்டிருக்கிறானா என்று அறிய வேறு வழியில்லை. லண்டனும் மாஸ்கோவும் கைதிகளின் பெயர்களை வாசித்தன. ஹாம்புர்க்கில் ஹெல்முத் ஹூபனர் என்ற பையன் பி.பி.சி. கேட்டுத் துண்டறிக்கை அடித்து வினியோகித்தான். 1942 அக்டோபர் 27-ல் தலை வெட்டப்பட்டபோது அவனுக்கு வயது 17.

பெட்டியில் என்ன ஓடியது என்பதிலும் ஒரு திருத்தம். நாள் முழுக்க ஹிட்லர் கத்திக்கொண்டிருந்ததாக உங்கள் ஆவணப்படங்கள் காட்டுகின்றன. முதல் ஆண்டில் பேச்சு அதிகம்தான். ஆனால் கோயபல்ஸ் 1933 மார்ச்சிலேயே வானொலி இயக்குநர்களைக் கூட்டி, எதைச் செய்தாலும் சலிப்பூட்டாதீர்கள், அதுதான் முதல் விதி என்றார். போகப்போக இசைதான் ஒலிபரப்பில் பெரும்பங்கைப் பிடித்தது. போர் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமை 'நேயர் விருப்பம்' வந்தது. வீரர்கள் கேட்ட பாட்டு, நடுவில் குழந்தை பிறந்த செய்தி. இடையில் வரும் சில நிமிடச் செய்திக்குத்தான் அந்த மூன்று மணி நேரப் பாட்டும். கதவைத் திறந்து வைத்தால் விருந்தாளி தானே வருவான்.

திரைப்படத்திலும் இதே கணக்கு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 1,100 கதைப்படங்கள். வெளிப்படையான அரசியல் படங்கள் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவை காதல், நகைச்சுவை, பாட்டு. படம் எடுக்கக் கடன் கொடுக்க ஒரு வங்கி, கதையை முன்கூட்டியே பார்க்க ஓர் அதிகாரி. 1936 நவம்பரில் கலை விமர்சனத்துக்கே தடை, இனி 'அறிமுகம்' மட்டும் எழுதலாம். 1940-ல் யூத வெறுப்பை ஊட்ட இரண்டு படங்கள் வந்தன. 'நித்திய யூதன்' ஆவணப்படம், எலிக்கூட்டத்தோடு யூதர்களை ஒப்பிட்டு முகத்தில் அறைந்தாற்போல் எடுத்தது. திரையரங்கு காற்று வாங்கியது. 'யூதன் சூஸ்' முன்னணி நடிகர்கள், ஆடை அலங்காரம், கண்ணீர், பழிவாங்கல் எல்லாம் உள்ள மசாலா. சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் தன் படையினரும் போலீசாரும் பார்க்கும்படி ஆணையிட்டார். 'வெறுப்புப் படம்' என்று எழுதும்போது எது ஓடியது, எது ஓடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் வாசகர்கள் சினிமா தெரிந்தவர்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இந்த இயந்திரம் தடுமாறவும் செய்தது. 1941 அக்டோபர் 9-ல் அரசின் பத்திரிகைத் தொடர்புத் தலைவர் ஓட்டோ டீட்ரிஷ் நிருபர்களைக் கூட்டி, கிழக்குப் போர் முடிவாகிவிட்டது என்று அறிவித்தார். மறுநாள் நாடெங்கும் அதே தலைப்பு. டிசம்பர் 20-ல் கோயபல்ஸ் வானொலியில் வந்து, ரஷ்யப் பனியில் நிற்கும் வீரர்களுக்குக் கம்பளி, உரோம ஆடைகளைக் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்க வேண்டியிருந்தது. முடிந்துபோன போருக்கு ஸ்வெட்டர் எதற்கு? உளவுத் துறையே திரட்டிய மக்கள் மனநிலை அறிக்கைகளில் அவநம்பிக்கை பதிவானது. டீட்ரிஷ் அறிவிப்பு கோயபல்ஸுக்குக் கடும் எரிச்சல். ஆனால் டீட்ரிஷ் அவருக்கு அடங்கியவர் அல்ல. நேராக ஹிட்லரிடம் போகிறவர். பதிப்பகமும் பணமும் அமானிடம். வெளிநாட்டு ஒலிபரப்பில் பங்கு கேட்டு வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் வேறு. 'கோயபல்ஸ் பாணி' என்று நீங்கள் ஒற்றை மனிதர் தலையில் கட்டுவது, உண்மையில் நான்கைந்து அலுவலகங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே நடத்திய காரியம்.

அவருடைய மிகப் பெரிய வெற்றி பொய்யால் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1943 ஏப்ரல் 13-ல் பெர்லின் வானொலி, ஸ்மொலென்ஸ்க் அருகே கத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளின் பிணக்குழிகள் கண்டெடுக்கப்பட்டதாகவும், கொன்றது சோவியத் ரகசியப் போலீஸ் என்றும் அறிவித்தது. எண்ணிக்கையை ஊதினார்கள், ஆனால் செய்தி உண்மை. வெளிநாட்டு மருத்துவர்களை அழைத்துக் குழியைக் காட்டினார்கள். பன்னிரண்டே நாளில், லண்டனில் இருந்த நாடுகடந்த போலந்து அரசோடு மாஸ்கோ உறவை முறித்தது. நேச நாடுகளுக்குள் விரிசல். கொன்றவர்கள் ஜெர்மானியர்கள்தான் என்று சோவியத் அரசு அரை நூற்றாண்டு திரும்பத் திரும்பச் சொன்னது, 1990-ல் ஒப்புக்கொண்டது. திரும்பச் சொன்ன பொய் உண்மையானதற்கு உதாரணம் தேடுகிறவர்களுக்கு இது உதவாது. ஒரு கொலைகார அரசு இன்னொன்றின் கொலையைப் பற்றி உண்மை பேசியதை எப்படிச் செய்தியாக்குவது என்று அன்றைய ஆசிரியர்கள் திணறினார்கள். அந்தத் திணறல் உங்களுக்கும் ஒருநாள் வரும்.

இன்னொன்று, இதைவிடக் கசப்பானது. யூதர் அழிப்பு முழுக்க மறைத்துச் செய்யப்பட்டது, பிரச்சாரம் அதை மூடி மறைத்தது என்று எழுதுகிறீர்கள். கொலை முகாம்களின் விவரத்தை மறைத்தது உண்மை. நோக்கத்தை மறைக்கவில்லை. 1941 நவம்பர் 16-ல் 'தாஸ் ரைஷ்' வார இதழில் 'யூதர்களே குற்றவாளிகள்' என்ற தலைப்பில் கோயபல்ஸ் பெயர் போட்டு எழுதினார்: போர் மூண்டால் ஐரோப்பாவில் யூத இனம் அழியும் என்று ஹிட்லர் 1939-ல் சொன்னது இப்போது நிறைவேறி வருகிறது, அந்த அழிவு படிப்படியாக நடக்கிறது என்று. கடையில் விற்ற இதழ். படித்தவர்கள் பக்கத்தைத் திருப்பி அடுத்த கட்டுரைக்குப் போனார்கள்.

தமிழுக்கு இதில் உள்ள தொடுப்பு சிறியது, ஆனால் மெய்யானது. 1942 முதல் ஜெர்மன் வசதியில் இயங்கிய ஆசாத் ஹிந்த் வானொலி பல இந்திய மொழிகளில் பேசியது. அவற்றுள் தமிழும் ஒன்று. நேதாஜி 1942 பிப்ரவரியில் தம் பெயரிலேயே அதில் பேசினார். அதை நடத்திக்கொடுத்தது கோயபல்ஸின் அமைச்சகம் அல்ல, வெளியுறவு அமைச்சகம். நேதாஜி பற்றிய கட்டுரைகளில் 'கோயபல்ஸ் வானொலியில் நேதாஜி' என்று தலைப்பு வைக்கும் ஆசை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் உச்சரிப்புப் பற்றிச் சண்டை போட மாட்டோம். ஜெர்மன் காதுக்கு அது 'கொப்பல்ஸ்' என்பதற்கு அருகில் வரும். தமிழில் கோயபல்ஸ் நிலைத்துவிட்டார், இருக்கட்டும்.

கடைசியாகப் படப்பிரிவினருக்கு. ஹிட்லர் பதவியேற்ற இரவின் தீப்பந்த ஊர்வலம் என்று நீங்கள் போடும் படங்களில் பலவும் அந்த இரவில் எடுத்தவை அல்ல. அதே ஆண்டு கோடையில் படப்பிடிப்புக்காக மறுபடி நடத்திய ஊர்வலத்தில் எடுத்தவை. நூரம்பர்க் மாநாடு என்று ஓட்டும் துண்டுகள் பெரும்பாலும் லெனி ரீஃபன்ஸ்டால் 1934-ல் சுமார் முப்பது கேமராக்களோடு எடுத்த படத்திலிருந்து வருபவை. கொடிக்கம்பத்தில் லிஃப்ட் பொருத்தி அதில் கேமராக்காரரை ஏற்றி எடுத்த கோணம் அது. மைதானத்தில் நின்ற எவரும் அப்படிப் பார்க்கவில்லை. போர்க்காட்சிகள் என்றால் அரசின் வாராந்திரச் செய்திப்படம். வேறு காட்சி கிடைக்காததால் அவற்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது புரிகிறது. கீழே ஒரு வரி போதும்: 'நாஜி அரசின் பிரச்சாரப் படத்திலிருந்து'. எழுத்து அளவு, நேரலையின்போது ஓடும் விலைப்பட்டியலைவிடச் சிறியதாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வரலாறும் இதழியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்